நிலாவில் ஒரு தொரை பங்களா

அண்ணன் வடிவமைத்த நிலாத் தளத்தை நினைத்தால் முதலில் கண்ணில் வந்து நிற்பது அந்தச் சிவப்புச் சக்கரம்தான். கனமான குழாயின் மேல், இரண்டு கையாலும் பிடித்துத் திருகும் அளவில், விளிம்பெல்லாம் துருவோடு இருக்கும். அந்தத் துருவை வரையவே அவன் பல நாள் மெனக்கெட்டான். "காத்தே இல்லாத எடத்துல ஏதுண்ணே துரு?" என்று கேட்டேன். "பாக்க நெசமா இருக்கணும் லா" என்றான்.

கணினியில் விண்கலம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் ஒன்று எங்கள் இருவரையும் பிடித்து ஆட்டிய காலம் அது. வேண்டிய கலங்களையும் தளங்களையும் நாமே வரைந்து அதில் சேர்க்கலாம். மந்தின் என்ற ஊரில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், வேலை முடிந்து வந்ததும் ஒரே மேசையில் உட்காருவோம். கலங்கள் என் பங்கு, தளங்கள் அவன் பங்கு. இரண்டு பேர் பெயரையும் போட்டு உலகத்துக்கே வெளியிடுவதாகப் பேச்சு. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

தளம் முடிந்த அன்று என் இறங்குகலத்தை ஓட்டிக்கொண்டு போய், முதன்முறையாக அதை மேலிருந்து பார்த்தேன். மேட்டின் மேல் கண்ணாடி மாடம் வைத்த பெரிய வீடு. கீழே பள்ளத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய கூடுகள், வரிசை வரிசையாக. வரிசைக் கடைசியில் பொதுக் கழிப்பறை. நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தை அப்படியே தூக்கி நிலாவில் வைத்திருந்தான். அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். கூடுகளுக்கு ஆக்சிஜன் கொண்டுபோகும் குழாய் எங்கிருந்து வருகிறது என்று தொடர்ந்து போனால், அது பெரிய வீட்டு வாசலில் போய் நின்றது. அங்கேதான் அந்தச் சக்கரம் இருந்தது.

கலத்தை அங்கேயே இறக்கி நிறுத்தினேன். அதே சக்கரம் எங்கள் தோட்டத்துத் தொரை பங்களா கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. தோட்டம் கைமாறியபோது, மாற்று வீடு தராமல், ஒரே மாதிரி வரிசை வீடுகளான எங்கள் லயத்தைக் காலி செய்ய மாட்டோம் என்று எங்கள் ஆட்கள் உறுதியாக நின்றார்கள். ஒரு நாள் காலையில் யாரோ வந்து அதைத் திருகி லயத்துக்கு வரும் தண்ணீரை மூடிவிட்டுப் போனார்கள். அம்மா ஓடைத் தண்ணீரைத் தூக்கி வந்து துணியில் வடிகட்டிக் காய்ச்சினாள். அதைக் குடித்து வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தது இதே அண்ணன்தான்.

"அவங்க தண்ணிய மூடுனாங்க. நீ மூச்சையே மூடுவியா?" என்றேன். "யாராச்சும் ஒருத்தர் கண்ட்ரோல் பண்ணணும்ல தங்கச்சி. சும்மா கேம் லா இது" என்று சிரித்தான். பெரிய வீட்டில் யார் இருப்பது என்று கேட்டேன். "நாமதான்" என்றான், எனக்கு ஏதோ பரிசு கொடுப்பவன் போல.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தண்ணீர் சுமந்தவள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான் என்று நம்பினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "தொரை வூட்டுல நாமளா?" என்றாள். பிறகு சக்கரத்தைத் தொட்டுக் காட்டி, "இத கண்டவன் கையில குடுத்துறாதடா" என்றாள். பெற்றவள் மீதே எனக்கு அருவருப்பு வந்த நாள் அது. அன்று மூடிய கை நம்முடையதாக இல்லாமல் போனதுதான் இவர்களுக்குக் குறையா என்று நினைத்தேன்.

என் கலங்களை எடுத்துக்கொண்டேன். அவன் தன் பெயரில் மட்டும் தளத்தை வெளியிட்டான். ஆட்களை அடக்கி வைக்க அருமையான ஏற்பாடு என்று முகம் தெரியாத ஒருவர் பாராட்டியிருந்தார். படித்ததும் காறித் துப்பத் தோன்றியது. அண்ணன் இப்போது செண்டாயான் என்ற ஊரில் இருக்கிறான். தீபாவளிக்கு வருவான், முறுக்கு தின்போம், நிலாவைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டோம்.

பிறகு நானே தனியாக ஒரு தளம் வரைந்தேன். சமதரையில், எல்லா வீடும் ஒரே அளவில். ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் சிவப்புச் சக்கரம் உள்ளேயே இருக்கும், துளித் துரு கிடையாது. போன வாரம் அதை அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் தேடிப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம வூடு எது?" என்றாள்.

"எது வேணும்னாலும் எடுத்துக்கம்மா. எல்லாம் ஒண்ணுதான்."

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "அப்ப திரும்பவும் லயமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.