எதிரிக் கப்பலுக்கு ரிப்பேர்

எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் இரண்டு சம்மனசுகள், மோட்சத்துத் தூதர்கள். புது மீன்பிடி வல்லத்துக்குப் பெயர் எழுத ஆள் வந்து பெயிண்ட் டப்பாவைத் திறந்தபோது, அப்பா மிக்கேல் என்று எழுதச் சொன்னார், சித்தப்பா கபிரியேல் என்று எழுதச் சொன்னார். பெயிண்டர் இரண்டு பேருக்கும் பொதுவான 'அதிதூதர்' என்பதை மட்டும் அழகாக எழுதிவிட்டு, மீதியை நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள் என்று தூரிகையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மோட்சத்தில் அந்த இருவரும் ஒரு சண்டையும் இல்லாமல்தான் இருந்திருப்பார்கள். கீழே தூத்துக்குடியில், பதினைந்து வருடம் ஒரே வல்லத்தில் கடலுக்குப் போன அண்ணனும் தம்பியும் அன்றோடு பிரிந்தார்கள். சித்தப்பா வேறொரு பழைய வல்லத்தை வாங்கிக்கொண்டார்.

பெரியவர்கள் பேச்சை நிறுத்தினால் பிள்ளைகளும் நிறுத்த வேண்டும் என்பது எங்கள் தெருச் சட்டம். சட்டத்தை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் சித்தப்பா மகள் என் பெஞ்சிலிருந்து எழுந்து மூன்றாவது பெஞ்சுக்குப் போய்விட்டாள். எனக்கும் அவளுக்கும் பதினொரு வயது. என்னைவிடப் பத்து நாள் மூத்தவள். அந்தப் பத்து நாளுக்காக அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா சொன்னதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் எழுந்து போன பிறகு எனக்குப் பள்ளிக்கூடமே பிடிக்கவில்லை. மத்தியானச் சோற்றைத் தனியாகத் தின்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. முதலில் பேசுகிறவர் தோற்றவர் என்பதால் நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. இப்படியே ஆறு மாதம் போனது.

இந்தச் சண்டையில் அதிகம் அவஸ்தைப்பட்டவர் அத்தை வீட்டு மாமா. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. அவளைக் கட்டியவர் இவர். இரண்டு மச்சான்களில் ஒருவரைப் பார்த்துச் சிரித்தால் இன்னொருவருக்குத் தகவல் போய்விடும். மாமா கோயில் தெருவில் ஒரு நெட் சென்டர் வைத்திருந்தார். எல்லார் கையிலும் போன் வந்துவிட்டதால், பரீட்சை ரிசல்ட் வரும் நாளையும் பிரிண்ட் எடுக்க வருகிறவர்களையும் விட்டால் அங்கே ஈ ஓட்ட வேண்டியதுதான். முழுப் பரீட்சை லீவில் எங்களை வந்து விளையாடச் சொன்னார். ஆள் இருக்கிற கடைக்குத்தான் ஆள் வரும் என்பது அவர் கணக்கு. ஆறு கம்ப்யூட்டர்களை மூன்று இந்தச் சுவரோடும் மூன்று அந்தச் சுவரோடும் போட்டிருந்தார். உட்கார்ந்தால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் முதுகும் முதுகும்தான் பார்த்துக்கொள்ளும். முகம் பார்த்தார்கள் என்று யாரும் புகார் சொல்ல முடியாது.

எங்கள் பக்கம் என் அண்ணன், அத்தையின் மூத்த மகன், நான். அந்தப் பக்கம் சித்தப்பா மகன், அத்தையின் இளைய மகன், சித்தப்பா மகள். அத்தை தன் பிள்ளைகளை வீட்டுக்கு ஒருவராகப் பங்கு வைத்து அனுப்பியிருந்தாள். ஆட்டம் வானவெளிச் சண்டை. ஆளுக்கு ஒரு கப்பல், ஆளுக்கு ஒரு உயிர், கடைசியில் எந்தப் பக்கத்துக் கப்பல் மிஞ்சுகிறதோ அந்தப் பக்கம் ஜெயித்தது. பேசக் கூடாது என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்கள். சுடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

எனக்குக் கொடுத்தது ரிப்பேர் கப்பல். வயிறு பெருத்த, மெதுவாக நகர்கிற, துப்பாக்கியே இல்லாத கப்பல். அதிலிருந்து ஒரு பச்சை வெளிச்சம் வரும். அடிபட்ட கப்பல்மேல் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஓட்டைகள் அடைபடும், தீ அணையும். அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கப்பல், பொறுமையுள்ளவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள் என்று அண்ணன் என்னிடம் சொன்னான். அதை ஓட்ட வேறு யாரும் சம்மதிக்கவில்லை என்பது எனக்கு இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. அதற்குள் எனக்கு அது பிடித்துப்போய்விட்டது.

பிடித்ததற்குக் காரணம் உண்டு. சுடுகிறவர்களுக்கு முன்னால் நிற்கும் எதிரி மட்டும்தான் தெரியும். ரிப்பேர் பார்க்கிறவளுக்கு எல்லாரையும் தெரியும். அத்தையின் மூத்த மகன் ஒரு கீறல் விழுந்தால்கூட "எனக்குப் பாருளா, எனக்குப் பாருளா" என்று கத்துவான். அண்ணன் முக்கால்வாசி எரிந்த பிறகுதான் வாயைத் திறப்பான். கத்துகிறவனிடம் ஓடினால் கத்தாதவன் செத்துப்போவான். அதனால் நான் சத்தத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, திரையின் ஓரத்தில் தெரிகிற கோடுகளை மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பச்சை வெளிச்சத்தை விடாமல் பிடித்தால் அது சூடாகி நின்றுவிடும். பாதி சரிபண்ணிவிட்டு அடுத்தவனிடம் போய்விட வேண்டும். பெரிய கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளிச்சத்தை மட்டும் எட்டிப் பிடிக்க வேண்டும். ஒருநாள் நான் இருக்கும்வரை எங்கள் பக்கத்தில் ஒரு கப்பல்கூட விழவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் வகுப்பில் முதல் மார்க் வாங்கினபோதுகூட வந்ததில்லை.

அந்தப் பச்சை வெளிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு. யார்மேல் பிடித்தாலும் வேலை செய்யும். அதற்குச் சொந்தம் பகை தெரியாது. எதிரிக்குப் போய் யார் ரிப்பேர் பார்க்கப் போகிறார்கள் என்று, ஆட்டத்தை உண்டாக்கினவர்கள் அதைப் பற்றி யோசிக்காமலே விட்டிருப்பார்கள். அவர்களுக்கு எங்கள் கடற்கரையைத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனால் கம்பில் சட்டையைக் கட்டித் தூக்கிக் காட்டுவார்கள். அதைப் பார்த்த வல்லம் எதுவானாலும், வலையைப் பாதியில் விட்டாவது போய்க் கயிறு போட்டு இழுத்து வர வேண்டும். யார், எவர் என்று கேட்கக் கூடாது. அந்த லீவு தொடங்கிய வாரத்தில் சித்தப்பாவின் பழைய வல்லம் அப்படி நின்றுபோனது. பார்த்தவர் அப்பா. கயிறு போட்டுக் கரைவரை இழுத்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தவரிடம் அம்மா ஆசையோடு கேட்டாள்.

"தம்பிகிட்ட ஒண்ணும் பேசலியா?"

"அவன் வல்லத்தைத்தான இழுத்தேன். அவனயா இழுத்தேன்?" என்றார் அப்பா. மீன் முள்ளை எடுப்பதில் அவருக்கு அன்று ரொம்பக் கவனம்.

லீவு முடிய நான்கு நாள் இருந்தபோது பந்தயம் வந்தது. அதுவரை இரண்டு பக்கமும் சரிக்குச் சரியாக ஜெயித்திருந்தோம். பந்தயத்தைச் சொன்னவர் மாமா. கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு. தோற்ற பக்கம் ஜெயித்த பக்கத்தோடு முதலில் பேச வேண்டும். அவர் எங்களைப் பார்க்காமல், பிரிண்டருக்குத் தாள் வைத்துக்கொண்டே சொன்னார். அண்ணனும் சித்தப்பா மகனும் உடனே ஒத்துக்கொண்டார்கள். தோற்கப்போவது எதிராளிதான் என்பதில் இருவருக்கும் அவ்வளவு நம்பிக்கை.

அந்த நான்கு நாளும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. நாங்கள் ஜெயித்தால் சித்தப்பா மகள் என்னிடம் வந்து பேசித்தான் ஆக வேண்டும். அவள் என்ன சொல்வாள், நான் எவ்வளவு நேரம் கழித்துப் பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஜெயிக்க வேண்டும் என்று மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தியும் நேர்ந்துகொண்டேன். ஆனால் அது சுலபமில்லை. அந்தப் பக்கத்தில், ஏன் இரண்டு பக்கத்திலுமே, நன்றாகக் கப்பல் ஓட்டுகிறவள் அவள்தான். கல் கூட்டத்துக்குள் அவள் நுழைந்து வெளியே வருவதைப் பார்க்க மாமாவே எழுந்து வந்து நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அத்தையின் இரண்டு மகன்களும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு ஒன்றாகவே செத்தார்கள். ஒரே வீட்டுக்காரர்கள், வேறென்ன செய்வார்கள். பிறகு அண்ணனும் சித்தப்பா மகனும் மோதினார்கள். நான் அண்ணனுக்குப் பின்னாலேயே நின்று ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் இரண்டு தடவை சூடாகி நின்றது. கடைசியில் சித்தப்பா மகனின் கப்பல் வெடித்தது. "முடிஞ்சுதுலே உன் கதை" என்று அண்ணன் சுவரைப் பார்த்துச் சொன்னான். சுவரைப் பார்த்துச் சொன்னால் பேசியதாகாது.

மிச்சமிருந்தது சித்தப்பா மகள் ஒருத்தி. எங்கள் பக்கம் இரண்டு பேர். ஆனால் அண்ணன் கப்பல் பாதிக்குமேல் எரிந்திருந்தது.

"ஏளா, இங்கன வா. எனக்குப் பாத்துட்டு அவளைத் தேடுவோம்."

"இந்தா வாரேன்ணே" என்று திரும்பினேன். திரும்புகிற வழியில், பெரிய கல் ஒன்றின் பின்னால் அவளைப் பார்த்தேன். கப்பலின் மூக்கு நசுங்கி, பின்பக்கம் தீப்பிடித்து, தனியாக நின்றாள். உதவி கேட்க ஒரு பொத்தான் உண்டு. அதை அவள் அழுத்தவில்லை. எங்கள் குடும்பத்து ரோஷம் எனக்குத் தெரியாதா? எரிந்து சாம்பலானாலும் கேட்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன். ஜெயிப்பது, மெழுகுவர்த்தி, பந்தயம் எதுவும் ஞாபகத்தில் இல்லை. எரிகிற கப்பலைப் பார்த்ததும் என் கை தானாகப் போய்ப் பச்சை வெளிச்சத்தை அவள்மேல் பிடித்துவிட்டது.

தீ அணைந்தது. அவள் கப்பல் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு வேகமாகப் பின்வாங்கி, திரும்பி வந்து அதே கல்லில் மோதியது. பாவம், பதற்றத்தில் வழி தெரியவில்லை போலிருக்கிறது என்று நான் மறுபடியும் போய்ச் சரிபண்ணினேன். அவள் என்னை விட்டு விலகி ஓடினாள். நானும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். மூன்றாவது தடவையும் மோதினாள். மூன்றாவது தடவையும் விடாமல் பிடித்து, ஒரு கீறல் இல்லாமல் புதுக் கப்பல்போல ஆக்கிவிட்டேன். என் முதுகுப் பக்கமிருந்து "ஐயோ" என்று மெதுவாக ஒரு குரல் கேட்டது.

அதற்குள் அண்ணன் எங்களைக் கண்டுபிடித்துவிட்டான்.

"ஏளா, யாருக்குளா பாத்துக்கிட்டு நிக்க?"

கோபத்தில் முழு வேகத்தில் வந்தான். அவன் கப்பலில் கொஞ்சம்தான் உயிர் மிச்சமிருந்தது. அவள் அவனைச் சுடவில்லை, அவன் தன்மேல் மோதிச் சாகாமல் விலகி வழிதான் விட்டாள். வழிக்குப் பின்னால் அந்தக் கல் இருந்தது. அண்ணன் போய் அதில் மோதி வெடித்தான்.

துப்பாக்கி இல்லாத கப்பல் மட்டும் மிஞ்சினால் அந்தப் பக்கம் தோற்றது என்பது ஆட்டத்தின் விதி. என் திரையில் தோல்வி என்று எழுத்து வந்தது. அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"எதிரிக்குப் போய் ரிப்பேர் பாத்திருக்கியேளா."

"நின்னு எரிஞ்சுதுண்ணே."

"எரியணும்னுதானளா சுட்டோம்."

அத்தையின் மூத்த மகன் தலையில் கையை வைத்துக்கொண்டான். மாமா மட்டும், தோத்தது தோத்ததுதான், பந்தயம்னா பந்தயம் என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான மனிதர் அன்று ஏன் அப்படிப் பல்லைக் காட்டிச் சிரித்தார் என்று எல்லாருக்கும் எரிச்சல். "தோக்க வச்சவ நீதான், நீயே போய்ப் பேசு" என்று அண்ணன் என்னைத் தள்ளிவிட்டான்.

அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் ஆறு எட்டு வைக்கிற தூரம் இருக்கும். ஆறு மாதமாகப் பேச எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அவள் முன்னால் போய் நின்றதும் ஒன்றும் வரவில்லை.

"உன் கப்பலு இப்ப நல்லாருக்காளா?" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "கூறுகெட்டவளே, மூணு தடவையா வந்து ரிப்பேர் பாப்ப?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியாமலே இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சித்தப்பா மகனும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் அவர்களும் சிரித்துவிட்டார்கள். மாமா பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கி வந்து, யார் ஜெயித்தது யார் தோற்றது என்று பார்க்காமல் கொடுத்தார். அப்பாவும் சித்தப்பாவும் பேசத் தொடங்க இன்னும் இரண்டு மாதம் ஆனது. மற்றவர்தான் முதலில் பேசினார் என்று இன்றைக்கும் இருவரும் சாதிக்கிறார்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு நாங்கள் இருவரும் கைகோத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். வழி முழுக்க நான்தான் பெருமை பேசிக்கொண்டு வந்தேன். "நான் மட்டும் வராட்டி நீ செத்துருப்பளா" என்றேன். "ஆமாளா" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. அவ்வளவு நன்றாக ஓட்டுகிறவள் ஒரே கல்லில் மூன்று தடவை ஏன் மோதினாள் என்று நான் யோசிக்கவே இல்லை. தோற்றவர்கள்தான் முதலில் பேச வேண்டும் என்பது பந்தயம். என்னிடம் முதலில் பேச வேண்டும் என்பதற்காக அவள் தோற்க அவ்வளவு பாடுபட்டாள் என்பதும், நான் விடாமல் துரத்தித் துரத்தி அவளை ஜெயிக்க வைத்துவிட்டேன் என்பதும், அந்தப் பதினொரு வயதில் எனக்குத் தெரியவில்லை.