ஆவுடையப்பனின் கண்

மழை விட்டதும் ஆவுடையப்பன் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். தன் வீட்டு மாடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போகிறார் போலிருக்கிறது என்று தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் தன் வீட்டுத் தரையைக் குனிந்தும் பார்க்க மாட்டார். கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சுவரை அடியிலிருந்து உச்சிவரை நிதானமாக வாசிப்பார். எங்கேயாவது ஈரம் பூத்திருக்கிறதா, ஒரு டைல்ஸாவது வாயைப் பிளந்திருக்கிறதா என்று தேடுவார். ஒன்றும் இருக்காது. "அடுத்த மழையில தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கி வருவார். திருக்கோகர்ணத்தில் அதற்குப் பிறகும் எத்தனையோ மழை பெய்துவிட்டது.

அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, சீவிய தலை, எப்போதும் சலவைச் சட்டை. வீட்டில் நாற்காலி காலியாக இருந்தாலும் ஹால் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் பேசுவார். காய்கறி வாங்கப் போனால் ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து இடதுகை விரலிடுக்கில் செருகிக்கொண்டு போவார். இன்றைக்கு எல்லாரும் போனை நீட்டிப் பணம் கொடுப்பதில் அவருக்கு வருத்தம், சில்லறை இல்லை என்று யாரையும் முறைக்க முடிவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் தயங்கி நின்றால் அவரையறியாமல் அந்தப் பழைய குரல் வந்துவிடும். "உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி எடமிருக்கு."

பொறாமை அவருக்கு நேற்று வந்த வியாதி இல்லை. வேலையில் சேர்ந்த காலத்திலேயே மணமேல்குடி ரூட்டின் மேல் அவருக்கு ஒரு கண். அந்த ரூட்டில் போன கண்டக்டர் சாயங்காலம் டிப்போவில் மீன் பையோடு இறங்குவார். பழகிய சனம் பிரியமாகக் கொடுத்தனுப்பியது. ஆவுடையப்பனுக்கு விழுந்ததோ திருவரங்குளம் டவுன் பஸ். ஏறுவதில் பாதிப் பேர் பாஸ் காட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். "அவனுக்கு வஞ்சிரம், எனக்கு வாண்டுக" என்று இப்போதும் சொல்வார். வீட்டில் மீன் குழம்பு வைத்தால் முதல் கவளத்தோடு அந்தக் கண்டக்டரையும் சேர்த்துத் திட்டிவிட்டுத்தான் விழுங்குவார். மனைவி பரிமளா அதைக் கேட்டுக் கேட்டு, அந்த மனிதரை ஒரு தடவைகூடப் பார்க்காமலே அவர் மேல் பரிதாபம் கொண்டுவிட்டாள்.

இதெல்லாம் சில்லறைப் பொறாமை. மொத்தப் பொறாமை முழுவதும் பக்கத்து வீட்டுத் திருமுருகன் மேல்தான். இருவரும் ஒரே மனைப்பிரிவில் ஒட்டினாற்போல மனை வாங்கியவர்கள். இரண்டும் ஒரே அளவு, நடுவில் ஒரே சுவர். முதலில் வீடு கட்டியவர் ஆவுடையப்பன். ஒரு ஹால், இரண்டு அறை, பின்னால் கிணறு. திருமுருகன் அப்போது தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்தார். தண்ணீருக்கு இவர் கிணற்றுக்குத்தான் வர வேண்டும். "அண்ணே, ரெண்டு கொடம் எடுத்துக்கிறேன்" என்று கேட்டு எடுத்துப் போவார். அந்தக் காலம் ஆவுடையப்பனுக்கு ரொம்பவும் பிடித்த காலம். திருமுருகனைப் போல நல்ல பையன் உண்டா என்று டிப்போவில் பேசியிருக்கிறார்.

பிறகு திருமுருகன் வெல்டிங் வேலைக்குச் சிங்கப்பூர் போனார். திரும்பி வந்து கட்டியதுதான் இப்போது நிற்கும் வீடு. மூன்று தளம், முகப்பு முழுக்கத் தேன் நிற டைல்ஸ், கண்ணாடி பதித்த பால்கனி. கேட்டில் இரண்டு சிங்க முகங்கள், வாயில் வளையத்தைக் கவ்விக்கொண்டு. மனைவி சுடர்விழியின் பெயரில் 'சுடர் இல்லம்' என்று எவர்சில்வர் எழுத்து. பொழுது சாய்ந்தால் கூரை ஓரத்து விளக்குகள் நீலமாகி, பச்சையாகி, சிவப்பாகும். அதே நிறங்கள் ஆவுடையப்பன் வீட்டு ஹால் சுவரிலும் அனுமதி கேட்காமல் வந்து போகும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் திருமுருகன். "அம்புட்டும் வெளி மினுக்கு. உள்ள போயிப் பாருங்க, ஒண்ணும் இருக்காது" என்று டீக்கடையில் சொல்வார். அவர் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. பால் காய்ச்சின அன்று வேண்டுமென்றே டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வீட்டின் பக்கச் சுவரில், ஆவுடையப்பன் வாசலுக்கு நேராக, ஒரு திருஷ்டி பொம்மை தொங்கியது. பிதுங்கிய கண், முறுக்கு மீசை, மார்புவரை நாக்கு. முதன்முதலில் பார்த்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. "என் கண்ணுக்குப் பயந்து மாட்டிருக்கான்" என்று பரிமளாவிடம் குமுறினார். ஆனால் நாளாக ஆக அதே வாக்கியத்தைச் சொல்லும் தோரணை மாறிக்கொண்டே வந்தது. டீக்கடைக்குப் புது ஆள் யாராவது வந்தால் அவரே பேச்சை அங்கே இழுத்துக்கொண்டு வந்து, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நிறுத்திச் சொல்வார். மூன்று மாடியும் இரண்டு சிங்கமும் வைத்திருப்பவன் ஒரு கண்டக்டரின் கண்ணுக்கு நடுங்குகிறான் என்பதில் அவருக்கு அப்படியொரு திருப்தி. பென்ஷன் வருகிற நாளில்கூட அவர் முகம் அவ்வளவு தெளிந்ததில்லை.

இந்த வருஷம் வீட்டை விற்பது என்று முடிவாயிற்று. மகள் பொற்கொடி திருச்சியில் இருக்கிறாள். அவள் தெருவிலேயே ஒரு சின்ன வீடு விலைக்கு வருகிறது. இதை விற்றால்தான் அதை வாங்க முடியும். மகளோடு ஒரே தெருவில் இருக்க வேண்டும் என்பது பரிமளாவின் பல வருஷத்து ஆசை. அவள் முட்டி வலிக்கு அங்கே நல்ல டாக்டரும் உண்டு. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்கிறவர்களிடம் ஆவுடையப்பன் அந்த முட்டியைத்தான் காரணம் சொல்வார். உண்மையில் வலி எங்கே இருக்கிறது என்பது பரிமளாவுக்குத் தெரியும். எப்படியாவது விற்றால் சரி என்று பேசாமல் இருந்தாள்.

புரோக்கர் நாகராசு ஆட்களைக் கூட்டி வந்தார். வந்தவர்கள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்தார்கள், வண்டியைத் திருமுருகன் வீட்டு முன்னால் நிறுத்தினார்கள். இறங்கி, சிங்கத்தைத் தடவிப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து நிற்கும்போது நாகராசு, "இங்கிட்டு வாங்க, இந்த வீடு" என்பார். மலர்ந்த முகம் அப்படியே சுருங்கும். அதைத் தன் வாசலில் நின்று பார்க்கும் ஆவுடையப்பனுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரியும். ஒரு மனிதர் வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்து, கிணற்றுத் தண்ணீரும் குடித்துவிட்டு, பக்கத்து வீடு விலைக்கு வருமா என்று அவரிடமே விசாரித்துவிட்டுப் போனார்.

நாகராசு இதை வேறு மாதிரி யோசித்தார். அந்த வீடு கண்ணைப் பறிக்கிறது என்றால், அதையே இந்த வீட்டுக்கு ஆதாயமாக்கிக்கொள்ளலாம். "அந்த வீட்டக் காட்டித்தாண்ணே இந்த வீட்ட விக்கணும். பக்கத்துல நல்ல வசதியான ஆளுக, தங்கமான மனுசங்கன்னு ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க, வெல தானா ஏறும்" என்றார். ஆவுடையப்பன் முயற்சி செய்யாமல் இல்லை. அடுத்து வந்தவரிடம், "பக்கத்து வீட்டுக்காரரு இருக்காருல்ல..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. இருமல் வந்து, பரிமளா தண்ணீர் எடுக்க ஓட வேண்டியதாயிற்று.

கடைசியாக வந்தவர் ஆண்டியப்பன், ஜவுளிக்கடை வைத்திருப்பவர், தாயார் முனியாயியோடு வந்தார். இவர்கள் வண்டியைச் சரியாக ஆவுடையப்பன் வாசலிலேயே நிறுத்தினார்கள். அதிலேயே அவருக்குப் பாதி மனம் குளிர்ந்துவிட்டது. உள்ள போங்க, உள்ள போங்க என்று அறை அறையாக அனுப்பினார். முனியாயிக்குச் சமையலறையில் விழுந்த வெளிச்சம் பிடித்தது. கிணற்றுத் தண்ணீர் ரொம்பவும் பிடித்தது. பேச்சு முக்கால்வாசி முடிந்து வெளியே வந்தவள், வாசலில் நிமிர்ந்தபோது பொம்மையைப் பார்த்தாள்.

"இது யாரு கண்ணுக்காக மாட்டினது?" என்று கேட்டாள். நாகராசு பேச்சை மாற்றப் பார்த்தார். "தப்பா நெனக்காதீக தம்பி. இந்த வீட்டாளுக கண்ணுக்குப் பயந்து மாட்டினதுன்னா எங்களுக்கு வேணாம். வயித்தெரிச்சல் குடியிருந்த எடத்துல நாங்க வந்து பால் காச்ச முடியுமா? நாளைக்கு எங்களையும்ல அப்பிடித்தான் நெனப்பாக."

மகன் அம்மாவைச் சமாதானப்படுத்திப் பார்த்தார். அவள் இறங்கி வரவில்லை. பொம்மையும் போக வேண்டும், அது யாருக்காக மாட்டியது என்பதும் தெரிய வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் வெள்ளிக்கிழமை வந்து முன்பணம் கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

திருமுருகனிடம் போய்க் கேட்க வேண்டும். ஆவுடையப்பன் இன்றைக்குத் தலை வலிக்கிறது என்றார், மறுநாள் அவன் வெளியே போயிருப்பான் என்றார். பரிமளா அதிர்ந்து பேசுகிறவள் இல்லை. அன்று சொன்னாள், "ஒங்க வயித்தெரிச்சலுக்கு என் முட்டியவும் எம் மகளையும் சேத்துப் பலி குடுக்கணுமா?" அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

உள்ளே ஒன்றும் இருக்காது என்று ஊரெல்லாம் சொன்னவர் முதல் தடவையாக உள்ளே போனார். உள்ளே எல்லாம் இருந்தது. தேக்கு ஊஞ்சல் இருந்தது, கால் வைக்கக் கூசுகிற கிரானைட் தரை இருந்தது, சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு டிவி இருந்தது. சுடர்விழி ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொடுத்தாள். டீயும் நன்றாகவே இருந்தது. சோபாவின் நுனியில் உட்கார்ந்து, சுற்றி வளைத்து, ஒருவழியாகப் பொம்மை விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

திருமுருகன் இவ்வளவுதானா என்றார். அது அங்கே இருப்பதே தனக்கு மறந்து போயிற்று, கட்டட வேலை நடந்தபோது ஆணி கிடைத்த இடத்தில் கொத்தனார் மாட்டியது, வெள்ளிக்கிழமைக்குள் தானே இறக்கிவிடுகிறேன் என்றார். வந்த காரியம் முடிந்துவிட்டது. ஆவுடையப்பன் எழுந்து வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்ப, யாரு கண்ணையும் நெனச்சு மாட்டலயா முருகா?"

"ரோட்டுல போறவன் வாரவன் கண்ணுக்குத்தாண்ணே."

"இல்ல, எங்க வாசலுக்கு நேரா இருக்கேன்னு கேட்டேன்."

திருமுருகன் சிரித்தார். களங்கமே இல்லாத சிரிப்பு. "ஒங்க கண்ணா? ஒங்க கண்ணு எங்கள என்னண்ணே பண்ணும்? நீங்க உண்டு ஒங்க வேலை உண்டுன்னு இருக்கிற ஆளு. இந்த வீட்ட நீங்க ஒரு தடவ நிமிந்து பாத்திருப்பீங்களா?"

சுடர்விழியும் ஆமாம் என்று தலையாட்டினாள். ஆவுடையப்பன் மிச்ச டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தார். அவமானமாக இருந்தது. இத்தனை வருஷம் அவர் பார்த்த பார்வையில் ஒன்றுகூட அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போய்ச் சேரவில்லை. பகையாளி என்ற இடத்தில்கூட அந்த வீடு அவரை வைத்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, எறக்கிருவான் என்று மட்டும் சொன்னார். பரிமளா சந்தோஷத்தில் உடனே திருச்சிக்குப் போன் போட்டாள். அன்றும் மறுநாளும் அவர் டீக்கடைப் பக்கம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் திருமுருகன் தானே ஏணி வைத்து ஏறிப் பொம்மையைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் ஆண்டியப்பனும் முனியாயியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வந்து இறங்கினார்கள். திருமுருகன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவர்களுக்கு வணக்கம் சொன்னார். அண்ணனைப் போல ஒரு மனிதர் பக்கத்து வீட்டில் இருந்தது தன் பாக்கியம் என்று கேட்காமலே சொன்னார். நாகராசுக்கு வாயெல்லாம் பல்.

முனியாயி வெறும் சுவரை அண்ணாந்து பார்த்துத் தலையசைத்தாள். பிறகு, "சரி, யாருக்காகத்தான் மாட்டிருந்தாக?" என்று கேட்டாள்.

நாகராசு முந்திக்கொண்டு, யாருக்காகவும் இல்லை ஆத்தா என்றார். கொத்தனார் சும்மா மாட்டியது என்று திருமுருகனும் சுவருக்கு மேலாகச் சொன்னார். அவள் அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை.

"நீங்க சொல்லுங்க தம்பி. வீட்டுக்காரரு நீங்க சொன்னா போதும்."

சும்மா என்ற ஒரு சொல் போதும். நிலைப்படியில் நின்ற பரிமளா கதவைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். ஆவுடையப்பன் ஒருமுறை திருமுருகனைப் பார்த்தார். அவர் அங்கே அதே நல்ல சிரிப்போடு நின்றார்.

ஆவுடையப்பன் முதுகை நிமிர்த்திக்கொண்டார். வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்து, எல்லாருக்கும் தெரியும்படித் தன் நெஞ்சின் மேல் வைத்தார்.