பழைய இரும்பு, 148 கிலோ

மருத்துவமனை நடையில் இருந்த எடைக் கருவி நூற்றிருபதோடு முடிந்துவிட்டது. முள் கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டு நடுங்கியது. நர்ஸம்மா என்னையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இறங்கிடுங்க சார், ஸ்பிரிங் போயிடும்" என்றார். கருவியின் ஆரோக்கியத்தில் அவருக்கு இருந்த அக்கறை உண்மையானது.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு நாற்பத்தேழு வயது. வீடு அம்பத்தூர், வேலை ஆவடியில் ஒரு கிளை நூலகத்தில் நூலகர். மேல் இரண்டு தட்டுப் புத்தகங்களை நான் தொட்டு ஆறு வருடமாகியிருந்தது. ஏணி என்னைத் தாங்காது என்பது எனக்கும் தெரியும், ஏணிக்கும் தெரியும்.

நோய் முதலில் தூக்கமாகத்தான் வந்தது. ஒரு பெரியவரின் புத்தகத்தில் தேதி குத்த முத்திரைக் கட்டையை உயர்த்தியவன், உயர்த்தியபடியே தூங்கிவிட்டேன். அவர் எழுப்பவில்லை. மரியாதையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் அத்தியாயத்தைப் படிக்கத் தொடங்கியிருந்தார்.

உறக்க மூச்சுத்தடை (தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைப்பது) என்றார் டாக்டர். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு அந்தப் பெயர் புதிது, விஷயம் புதிதல்ல. "மூச்சு நின்னா நான் எண்ணுவேன் டாக்டர். இருபது வந்தா உலுக்கிடுவேன்" என்றாள். ராத்திரிகளில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நகரத்தில் வெளிநாட்டுப் பயிற்சி பெற்ற ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். இரைப்பைச் சுருக்க அறுவை (இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துத் தைப்பது, சாப்பிடும் அளவு குறைந்துவிடும்) செய்பவர். கருவி வெளியிலிருந்து வர வேண்டும், எப்போதாவதுதான் செய்வார், வரிசை நீளம். "பத்து மாசம் ஆகலாம். அதுக்குள்ள நூத்தி நாப்பதுக்குக் கீழ வந்துடணும். இல்லேன்னா மயக்க மருந்து குடுக்கறது ஆபத்து" என்றார். எடையை வாராவாரம் எங்கேயாவது பார்த்துக் குறித்துவரச் சொன்னார்.

எங்கேயாவது என்பது, அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கம் கன்னியப்பன் வைத்திருந்த பழைய இரும்புக் கடையாக அமைந்தது. நிலமெல்லாம் மனையாகிவிட, மிச்சமிருந்த மூலையில் கடை போட்டவர். அவரிடம் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு இருந்தது.

"இன்னா சார், லோடு எங்க?" என்றார்.

"நான்தான்."

சிரிக்காமல் நிறுத்தார். கடைச் சீட்டில் எழுதித் தந்தார். 'பழைய இரும்பு' என்று அச்சிட்ட தலைப்பின் கீழ் 148 கிலோ. டாக்டர் அந்தச் சீட்டை மறுபேச்சில்லாமல் கோப்பில் வைத்துக்கொண்டார்.

இதே அறுவைக்காக வரிசையில் நின்றுகொண்டு இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து மாதத்தை நான் கெடுத்தேன். தனியாக இல்லை, சுற்றம் சூழ.

எங்கள் பக்கத்தில் புதுமணத் தம்பதிக்கும், வெளிநாடு போகிறவனுக்கும் சொந்தக்காரர்கள் முறைவைத்து விருந்து போடுவார்கள். அறுவைக்குப் பிறகு என் வயிறு ஒரு கப் அளவுதான் என்று கேள்விப்பட்டதும் என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். திருநின்றவூரிலிருந்து ஸ்டெல்லாவின் அண்ணன்தான் ஆரம்பித்துவைத்தார். "மாப்ள, அப்புறம் கஞ்சிதானாமே? அதுக்கு முன்ன நம்ம வீட்ல ஒரு வேளை கை நனைச்சுட்டுப் போங்க." விரால் குழம்பு. அடுத்து பூந்தமல்லியில் என் அக்கா. பிரியாணிக்கு முன் எல்லோரும் தலைகுனிய, "ஆண்டவரே, தம்பியின் எடையைக் குறைத்தருளும்" என்று உருக்கமாக ஜெபித்தாள். ஆமென் சொன்ன கையோடு கறியை அள்ளி என் தட்டில் வைத்தாள். ஆண்டவர் எந்தப் பக்கம் நிற்பார், பாவம்.

அவர்கள்மேல் பழி போட மாட்டேன். நான் செத்துவிடுவேனோ என்று பயந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேறு வழி தெரியவில்லை. எனக்கும் மறுக்கத் தெரியவில்லை. ஸ்டெல்லா இரண்டு வீட்டில் வாசலிலேயே சண்டை போட்டுப் பார்த்தாள். "உன் புருஷன் ஒரு வாய் சாப்பிட்டா உனக்கு எரியுதாடி?" என்று கேட்டார்கள். அதன்பின் அவள் சண்டைக்குப் போகவில்லை.

பத்தாம் மாதம் என் சீட்டில் 153 என்று இருந்தது. டாக்டர் கோபப்படவில்லை, அதுதான் சங்கடம். சீட்டைப் பார்த்தார், நோட்டைத் திறந்தார், என் பெயரை ஒரு கோட்டால் அடித்துக் கடைசிப் பக்கத்தில் திரும்ப எழுதினார். "உங்களை மேசையில படுக்கவெச்சு, திரும்ப எழுப்ப முடியலேன்னா நான் இந்தம்மாகிட்ட என்ன சொல்றது?" ஸ்டெல்லா கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது காத்திருப்பில் விருந்துகளை நிறுத்தினோம். டாக்டர் எழுதித் தந்த சாப்பாட்டைத்தான் சாப்பிட்டேன், அதுவும் உலகத்துக்கே தியாகம் செய்கிற முகத்தோடு. சனிக்கிழமை சாயங்காலம் இருவருமாக இரும்புக் கடைக்கு நடப்போம். வழியில் மூன்று இடங்களில் நான் நின்று, ஏதோ சுவரொட்டியைப் படிப்பதுபோல மூச்சு வாங்குவேன். அந்தக் காலத்தில் வந்த சுவரொட்டி எதையும் நான் தவறவிட்டதில்லை.

நான்காம் மாதம் ஒரு சனிக்கிழமை, நான் 147. ஆறு கிலோ குறைத்த பெருமையில் இறங்கினேன். கன்னியப்பன் ஸ்டெல்லாவைப் பார்த்தார். "யம்மா, நீயும் ஏறு. ஓசிதான்."

"எனக்கெதுக்குங்க" என்றாள். அவர் விடவில்லை. ஏறினாள். அவர் எடைக்கல்லை எடுத்துவைத்துக் கம்பியை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

"நாப்பத்தேழு. இன்னாமா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

நான் அறுவை வரிசையில் சேர்ந்த வருடம், அவள் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகளுக்கு உடல் பரிசோதனை வைத்தார்கள். அதில் அவள் 58. நோய் எனக்கு, இளைத்தவள் அவள்.

திரும்பும் வழியில் இந்த முறை அவள்தான் சுவரொட்டி படித்தாள். "ராத்திரி பசியில்லைன்னு சொல்வியே?" என்று கேட்டேன்.

"பசிக்கும்" என்றாள். "நீங்க ரெண்டு சப்பாத்தியோட எழுந்திரிச்சு, தட்டையே பாத்துக்கிட்டு நிப்பீங்க. உங்க முன்னாடி மூணாவத எப்படிங்க எடுத்து வெச்சிக்கறது?"

நகைச்சுவைக்காரன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அன்று அதை மூட்டைகட்டிவிட்டு, அவள் கைப்பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு புதுச் சட்டம். என் தட்டு முடிந்ததும் நான் கழுவி வைத்துவிட்டு, நூலகத்துப் புத்தகம் ஒன்றோடு அவள் எதிரில் உட்கார வேண்டும். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை உரக்க வாசிக்க வேண்டும். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள். வாசிக்கிற வாயால் மெல்ல முடியாது என்பதை நாற்பத்தெட்டாம் வயதில் கண்டுபிடித்தேன். காத்திருப்பவர்களுக்கு என்னிடம் உள்ள ஒரே வைத்தியக் குறிப்பு அதுதான்: உங்கள் தட்டைப் பார்க்காதீர்கள், எதிரில் இருப்பவரின் தட்டைப் பாருங்கள். அது காலியாக இருக்கலாம்.

மூன்று நாவல்களும் ஒரு பயணக் கட்டுரையும் முடிந்தபோது நான் 139. டாக்டர் சீட்டை இரண்டு முறை படித்தார். "பழைய இரும்புக்கு நாள் குறிச்சுடலாம்" என்றார்.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான் அங்கே இருந்தும் இல்லை. கண் விழித்தபோது ஸ்டெல்லாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஜெபம் என்று நினைத்தேன். எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிறகு வந்த மாதங்கள் எளிதல்ல. அவசரப்பட்டு விழுங்கினால் வாந்தி. முடி கொத்தாக உதிர்ந்தது. அரை இட்லிக்கு அரை மணி நேரம். முன்பு அந்த நேரத்தில் ஒரு பந்தியே முடித்து, அடுத்த பந்தியில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்திருப்பேன். அரை இட்லிக்குள் இத்தனை நேரம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மின்சார ரயிலில் என் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தபோது, தவறுதலாக உட்கார்ந்துவிட்டாரோ என்று முதல் நாள் எழுந்து நின்றுவிட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து இருவருமாகக் கன்னியப்பன் கடைக்குப் போனோம். நான் 97. ஸ்டெல்லா 51. மனதுக்குள் கூட்டிப் பார்த்தவர், எங்கள் இருவரையும் சேர்த்து ஏறச் சொன்னார். பலகை குறுகல், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 148.

"இன்னா சார் இது! அப்போ ரெண்டு பேர நீ ஒண்டியா தூக்கிகினு சுத்தினியா?"

"யாரு யாரைத் தூக்கினாங்கன்னு அவரைக் கேளுங்க" என்றாள் ஸ்டெல்லா. இறங்காமல்தான் சொன்னாள்.

இப்போதெல்லாம் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அவள் மதியத்தில் தூங்கிவிடுகிறாள். வாய் லேசாகத் திறந்து, ஊரையே மறந்த தூக்கம். எத்தனையோ வருடத்துப் பாக்கி. நான் பக்கத்தில் உட்கார்ந்து என் அரை மணி நேரச் சாப்பாட்டை மெல்லுகிறேன். கை சும்மா இருக்கிறது. அவள் மூச்சை எண்ணத் தொடங்குகிறேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. உலுக்க வேண்டியதில்லை. இருபத்தொன்றிலிருந்து மேலே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எண்ணிக்கொண்டே போகிறேன்.