முடுக்கினேன் என்றால்

மலேசியாவில், செமோருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினோரு வருஷமாக டிராக்டர் ஓட்டியவர் ஐயாவு. பிரேக் சரியில்லை என்று மானேஜரிடம் மூன்று தடவை சொன்னார். "ஓட்டு, பாத்துக்கலாம்" என்பதுதான் மூன்று தடவையும் பதில். 1979இல் ஒரு காலை, ரப்பர் பால் தொட்டியோடு மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவேயில்லை. வண்டி கால்வாயில் கவிழ்ந்து அவர் வலது கால் ஒடிந்தது. கட்டுப் பிரிக்குமுன் வேலையும் போயிற்று. அசட்டையாக ஓட்டினாராம்.

ஊன்றுகோலோடு ஈப்போவுக்கு பஸ் ஏறி, தொழிலாளர் அலுவலகத்தில் முறையிட்டார். விசாரணை நாளில் அவருடைய வாக்குமூலத்தை அதிகாரி சதாசிவம் தமிழாக்கிப் படித்தார்: "இறங்குவதற்கு முன் வேகத்தைக் கூட்டினேன்."

ஐயாவு ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். "நானா அப்படிச் சொன்னேன்?"

விபத்துக்குப் பின் அவர் சொல்லச் சொல்ல வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதியவர் தோட்டத்து எழுத்தரான கிராணி ஸ்கந்தராஜா, யாழ்ப்பாணத்துக்காரர். அவரும் எதிரே இருந்தார். "முடுக்கினேன் எண்டு நீர்தானே சொன்னீர்?"

"ஆமாய்யா, முடுக்கினேன்தான். பிரேக் நட்டை முடுக்கினேன் லா! ஸ்பேனர் வச்சு! பிரேக் இல்லாத வண்டிய மேட்டுல எவனாச்சும் வெரட்டுவானா?"

"முடுக்கிறது எண்டால் வேகப்படுத்திறது. நான் படிச்ச தமிழ் அது."

"நீங்க படிச்ச தமிழுக்கு என் பொழப்பு போகணுமா?"

சதாசிவம் அகராதியை வரவழைத்துப் புரட்டினார். "முடுகுன்னா வேகமாப் போறது. அதுலேருந்து வந்ததுதான் முடுக்கு. வேகமாப் போக வைக்கிறது. திருகாணிய உள்ள ஏத்துறதுக்கும் இதே சொல்லுதான்." அகராதியை மூடிவிட்டுக் கிராணியைப் பார்த்தார். "எதை முடுக்கினேன்னு கேட்டீங்களா?"

கிராணி கண்ணாடியைக் கழற்றினார். "கேக்கேல்லை."

"மாட்ட முடுக்குற மாதிரி என்னைத்தான்யா முடுக்குனாங்க! கெட்டுப்போன வண்டியில ஏத்தி!" ஐயாவு கத்தியதில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வாக்குமூலம் திருத்தப்பட்டது. கால் தேறியதும் வேலையைத் திருப்பித் தருவதாகத் தோட்டம் எழுதிக் கொடுத்தது. ஐயாவு அதோடு விடவில்லை. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில், அசட்டைக்காரன் என்று எல்லார் முன்பும் பெயர் கூறித்தானே தன்னை நீக்கியதாக அறிவித்தார்கள். திருத்தத்தையும் அங்கேயே படிக்க வேண்டும் என்று அடம்பிடித்தார்.

மறுநாள் விடியலில், பால்வெட்டுக்குப் போகக் கூடியிருந்தவர்கள் முன் கிராணி படித்தார். குரல் எழும்பவில்லை.

"பின்னால கேக்கல, கிராணி ஐயா," என்றார் ஐயாவு. "மறுபடி படிங்க."

கிராணி மறுபடி படித்தார்.