ஒத்தக் கால் செருப்பு கேட்டவர்

காவாந்தண்டலத்து பிரிஸ்கில்லா பி.எஸ்ஸி. முடித்ததும் உத்திரமேரூரில் ஒரு மாடியில் இயங்கிய சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆன்லைனில் பொருள் வாங்குகிறவர்கள் என்ன எழுதித் தேடுகிறார்களோ அது அவள் திரைக்கு வரும். யார் தேடியது என்று தெரியாது. அவர் மனதில் இருந்தது என்ன பொருள், ஆப் காட்டியது அதுதானா என்று பார்த்துக் குறிக்க வேண்டும்.

அதில் அவள் கெட்டிக்காரி. ‘குயந்த தொட்டி துணி’ என்று யாரோ கேட்டிருந்தார்கள். பக்கத்து சீட்டு நந்தகுமார் குளிக்கிற தொட்டி என்று குறிக்கப் போனான். “ஐயோ, அது தூளி கட்ற துணிப்பா” என்று தடுத்தாள். புரியாத தேடல் வந்தால் எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் ‘ஒத்த கால் செருப்பு’ என்று வந்தது. கீழே வரிசையாக ஜோடிச் செருப்புகள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அர்த்தமில்லாத தேடல் என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம். பந்தியில் உட்கார்ந்தபோது, “ஆபீஸ்ல இன்னா விசேஷம்?” என்று யாரோ கேட்டார்கள்.

“ஒரு ஆளு ஒத்தக் கால் செருப்பு கேக்கறான்! இன்னொண்ண கல்யாண வூட்ல தொலைச்சிட்டானாட்டம் கீது” என்று ஒற்றைக் காலில் நொண்டுவது போலத் தோளை ஆட்டிக் காட்டினாள். பந்தியே சிரித்தது.

எதிரே நாற்காலியில் இருந்த தானியேல் சித்தப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே லுங்கியை இடது பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டார். போன வருஷம் சர்க்கரையால் புண் ஆறாமல் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்ட கால் அது. அறுவடைக்கும் நாற்று நடவுக்கும் அலைந்த மனுஷன், இப்போது கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டுதான் வாசலுக்கே வருகிறார்.

பிரிஸ்கில்லா அதைப் பார்த்துவிட்டாள். இலையை மூடிவிட்டு எழுந்தாள். கை கழுவுகிற இடத்துக்கு திலகா சித்தி பின்னாலேயே வந்தாள்.

“அவரு ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாரும்மா. பாதியில எழுந்துக்காத, வா.”

சித்தி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் டீம் லீடர் சுபாஷ்ரீயிடம் போய், தான் தப்பாகக் குறித்ததைத் திருத்தக் கேட்டாள். “அது மேல போயிடுச்சுப்பா, இனி மாத்த முடியாது. ஒண்ணே ஒண்ணுதானே, விடு” என்றாள் சுபாஷ்ரீ.

சித்தப்பா வீட்டுத் தெரு வழியாகப் போவதை பிரிஸ்கில்லா நிறுத்தினாள். சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அப்படியே எத்தனை நாள் ஒளிய முடியும்? ஒரு சாயங்காலம் போய் நின்றாள். சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அன்னிக்கு நான் சொன்னது தப்பு சித்தப்பா.”

“அட, வுடு பாப்பா. என்னிய நெனச்சிக்கினா சொன்ன?”

“நெனைக்கலயே. அதான் தப்பு.”

அவர் கீரைத்தண்டை ஒடித்தார். பிறகு, “நானும் பக்கத்து வூட்டுப் பையன் போன்ல ஒத்தச் செருப்பு கேக்கச் சொன்னேன். ஜோடி ஜோடியா காட்டுச்சு. அவனும் சிரிச்சிட்டான். சின்னப் பசங்கதான” என்றார்.

அன்றைக்கு வந்த தேடல் இவருடையதாகவே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவள் அதைக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மீதிக் கீரையை ஆய்ந்து கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு ‘ஒரு கை கிளவுஸ்’ என்று ஒன்று வந்தது. உண்மையான தேவை, பொருள்தான் இல்லை என்று குறித்தாள். குறித்ததைச் சரிபார்க்கிற மேலிடத்துக்காரர்கள் அதைத் தப்பு என்று திருப்பினார்கள். விபத்து, சர்க்கரை, பிறவிக் குறை என்று காரணங்களை எழுதி மறுபடி அனுப்பினாள். கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். இனி அப்படிப்பட்ட தேடல்களை யாரும் தள்ளிவிடக் கூடாது என்று விதியையும் மாற்றினார்கள்.

மீட்டிங்கில் சுபாஷ்ரீ அவளை எழுந்து நிற்கச் சொன்னாள். “எங்க யாருக்கும் தோணாதது உனக்கு எப்படிப்பா தோணுச்சு?”

“எங்க சித்தப்பா...” என்று ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் எல்லாரும் கை தட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, கைதட்டல் எப்போது நிற்கும் என்று காத்திருந்தாள்.