பெங் யாவ்துங்கும் பச்சைப் பொட்டலமும்

"நான் எழுதுன டிரைவருக்குத் தெரியாம எவனும் எதையும் உருவ முடியாது. உருவுன அந்த நொடியே தெரிஞ்சிடும்."

ஷின்ச்சூ நகரில் எங்கள் அலுவலகச் சாப்பாட்டுக்கூடத்தில், அரிசிச் சேமியாவை உறிஞ்சியபடி பெங் யாவ்துங் அருளிய வாக்கு இது. அந்த வாரமே வாடிக்கையாளர் கையேட்டிலும் ஏறிவிட்டது.

நாங்கள் விற்பது கணினியில் செருகும் சேமிப்புப் பெட்டி. பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே தூது போகும் நிரல்தான் டிரைவர். பெங் இரண்டு வருடமாக அதை எழுதினார். அது தாங்குகிறதா என்று சோதிக்க வேலை நடுவில் கேபிளைப் பிடுங்குவது சக ஊழியர் வென்சியூவின் உத்தியோகம். மரியாதைக்குறைவுக்குச் சம்பளம் வாங்கியவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

வியாழக்கிழமை ஒசாகாவிலிருந்து வாங்குபவர் வந்து தானே பிடுங்கிப் பார்ப்பார். திரை உறைந்தால் பெட்டித் திட்டத்துக்கே மூடுவிழா. செவ்வாயன்று, முப்பத்தேழாவது பிடுங்கலில் திரை உறைந்தது.

பெங் முறைப்படி முதலில் கணினியின் தலைமேல் இருந்த தீனிப் பொட்டலத்தைப் பார்த்தார். இயந்திரம் சமர்த்தாக இருக்க எங்கள் ஊரில் எல்லோரும் வைப்பதுதான்; பச்சை நிறமாக, காலாவதி ஆகாததாக இருந்தால்தான் பலிக்கும். நிறம் பச்சை. தேதியும் தாண்டவில்லை. ஆகவே தவறு நிரலில்தான் என்று அறிவியல்பூர்வமாக முடிவானது.

பிடுங்கிய பெட்டியிடம் கேள்வி கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்கு ஆவல் பிறந்தது. கேட்டார்.

"வேலையா இருக்கியான்னா ஆமாங்குது. முடிச்சிட்டியான்னாலும் ஆமா. பழுதான்னாலும் ஆமா. ஆமான்னா ஒண்ணு, இல்லன்னா சைபர். இது எல்லா இடத்துலயும் ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு."

"எங்க வீட்டுக்காரரும் பேஸ்பால் பாக்கும்போது அப்படித்தாண்ணே," என்றார் வென்சியூ. "எதக் கேட்டாலும் ஆமாம்பாரு. ஆள் அங்க இல்லன்னு அர்த்தம்."

பெங் எழுந்து நின்றுவிட்டார். டிரைவர் தொடக்கத்தில் ஒருமுறை பெட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கேபிள் போனால், 'வேலையாக இருக்கிறேன்' என்ற பதிலை நம்பி, ஆளில்லாத வாசலில் காலமெல்லாம் காத்து நிற்கும்.

இனி எல்லாப் பதிலும் 'ஒன்று' என்றே வந்தால் பெட்டியின் தயாரிப்பு எண்ணைக் கேள், அதுவும் அப்படியே வந்தால் பெட்டி போய்விட்டது, காத்திருக்காதே என்று எழுதினார். வென்சியூ ஐந்நூறு முறை பிடுங்கினார். உறையவில்லை. வியாழனன்று ஒசாகாக்காரரும் பிடுங்கினார். 'பெட்டி அகற்றப்பட்டது' என்றது திரை. அவர் குனிந்து வணங்கிக் கையெழுத்திட்டார்.

நன்றி சொல்லும் முகமாகப் பெங் பச்சைப் பொட்டலத்தைக் கையில் எடுத்தார். கனமே இல்லை. முதுகில் கத்தரி வெட்டு, உள்ளே கசக்கிய காகிதம்.

"திங்கக்கிழமை பசிச்சுதுண்ணே," என்றார் வென்சியூ. "நீங்கதான் தெனம் காலையில தேதியப் பாத்துட்டுப் போனீங்களே."

பெங் பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்தார். உட்கார்ந்து கையேட்டைத் திறந்தார். 'அந்த நொடியே தெரிந்துவிடும்' என்ற வரியை அடித்துவிட்டு, 'அடுத்த முறை கேட்கும்போது தெரியவரும்' என்று மாற்றினார்.