சாக்கு சிலை ஸ்டாப்பில் இறங்கிய கதை

போன மாதம், அதாவது 2007 பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு கிடைத்தது. லீவு கிடைத்தால் கோட்டை, கோயில் என்று கிளம்பிவிடுவேன். இந்தப் பழக்கத்துக்கு என் மனைவி வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. காலையில் வாலிகண்டபுரம் சிவன் கோயில், மதியம் அரியலூர், இருட்டுவதற்குள் திருச்சி என்பது திட்டம். கோயிலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வேறு பக்கம் போகிறது, மன்னிக்கவும்.

திருச்சியில் 5.45 பஸ், பெரம்பலூருக்குப் பதினெட்டு ரூபாய், ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து வாலிகண்டபுரம் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும், டவுன் பஸ்ஸில் நான்கு ரூபாய். கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி, 10.50க்கு அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி, பின்னால் சிமென்ட் லாரி. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குப் பவுடர் இலவசம்.

பாதி வழியில் கண்டக்டர், "சாக்கு சிலையெல்லாம் எறங்கு" என்றார்.

"சாக்கு சிலைன்னா என்னங்க?" என்று கேட்டேன்.

"சாக்கு கட்டுன சிலைங்க. அஞ்சு வருசமா கட்டித்தான் கெடக்கு. எறங்குறதுன்னா சட்டுனு எறங்குங்க சார், லேட்டாவுது."

இறங்கிவிட்டேன்.

முச்சந்தியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பீடம். அதன்மேல் ஏழடிக்கு ஒரு சாக்கு உருவம், கழுத்திலும் காலடியிலும் கயிறு. சாக்கின் மேலேயே யாரோ சந்தனம், குங்குமம் வைத்து மாலையும் போட்டிருந்தார்கள். பீடத்தில் சாய்த்து வைத்த இரண்டு திறப்பு விழாக் கல்வெட்டுகள். பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் தங்கராசுவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தலை பாதி நரைத்துவிட்டது, முறுக்கு மீசை மட்டும் மை போலக் கறுப்பு.

சிலை யாருடையது என்று கேட்டேன். "ஊரு ஏரிய வெட்டுன பாளையக்காரருங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா உள்ள நிக்கிறது நானு" என்றார்.

விஷயம் இதுதான். பாளையக்காரருக்குப் படம் எதுவும் கிடையாது. சிலை செய்ய வந்த ஸ்தபதியிடம் விழாக் கமிட்டி, "கம்பீரமா ஒரு ஆளப் பாத்துச் செஞ்சுக்குங்க" என்று சொல்லிவிட்டது. ஸ்தபதியின் வண்டி பஞ்சரானது. கடையில் தங்கராசுவையும் மீசையையும் பார்த்தார். கமிட்டித் தலைவரின் ரைஸ் மில் கொட்டகையில் ஆறு நாள், தங்கராசு கையில் மண்வெட்டியோடு நின்றாராம். ஏழாம் நாள், "மூஞ்சிதான் பாக்கி, நீ போய் வேலையப் பாரு" என்று ஸ்தபதி அனுப்பிவிட்டார்.

சிலை தயாரானபோது அரியலூர் தனி மாவட்டம். கலெக்டரை அழைத்துக் கல்வெட்டும் அடித்தார்கள். விழா நெருங்கும்போது, 2002இல், அரியலூரைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். மாவட்டமே இல்லாத கலெக்டர் எப்படித் திறப்பார்? இரண்டாவது கல்வெட்டு அடித்தார்கள். அதில் பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொண்டார்கள். இப்போது அரியலூர் மறுபடி மாவட்டமாகப் போகிறது என்று பேச்சு, அதனால் மூன்றாவது கல்வெட்டுக்காகக் காத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுத் தூக்கோடு அவர் மனைவி அஞ்சலை வந்தார். "ஒங்ககிட்டயும் ஆரம்பிச்சுட்டாரா?" என்றார் என்னிடம். "ஊருல எல்லாம் 'என்ன செலை, காத்தடிக்கிறியா'ன்னு கூப்புட்டுச் சிரிக்கிறாங்க. மீசைய எடுங்கன்னா எடுக்க மாட்டேங்குறாரு. வாரம் ஒரு சாயப் பாக்கெட்டு."

"தெறக்குறப்ப மீசை இல்லாம நின்னா யாரு நம்புவா?" என்றார் தங்கராசு. "இவளே நம்புறதில்ல சார்."

அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஐந்து வருடம் ஒரு மனிதர் தன் மீசையைச் சாட்சியாக வளர்த்திருக்கிறார். சாக்கை ஒருமுறை விலக்கிப் பார்த்திருக்கலாமே என்றேன். முடிச்சு அவிழ்ந்தால் முதலில் தன்னைத்தான் பிடிப்பார்களாம்.

என்னிடம் மச்சானிடம் இரவல் வாங்கிய டிஜிட்டல் கேமரா இருந்தது. முடிச்சை அவிழ்க்காமல் சாக்கின் கிழிசல் வழியாகக் கேமராவை விட்டுப் படம் எடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். வேண்டாத வேலைதான். அடியிலிருந்த கிழிசலில் கையை விட்டு அமுக்கியதில் படத்தில் இரண்டு கால்கள் விழுந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்ததில் மண்வெட்டியும் கொஞ்சம் தொப்பையும். பிறகு கடை ஸ்டூலைப் பீடத்தின் மேல் போட்டு ஏறி, கழுத்துக்கு மேலிருந்த கிழிசலில் கேமராவை நுழைத்தேன். ஃபிளாஷ் அடித்தது.

திரையில் இருந்தது தங்கராசுவின் முகம் இல்லை. உப்பிய கன்னம், இரட்டை நாடி, கோடு போட்டாற்போல மீசை, இடது கன்னத்தில் ஒரு மரு.

"படம் சரியா விழலைங்க, வெளிச்சம் பத்தலை" என்றேன். அவர் கேமராவை வாங்கிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்க தலைவருங்க" என்றார். "ரைஸ் மில்லு. மூக்குல கண்ணாடி மட்டுந்தான் இல்ல."

எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஊர் சுற்ற வந்த நான், ஒருவரின் ஐந்து வருட நம்பிக்கையை ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிட்டேன். அஞ்சலை சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கேமராவை வாங்கி, தெரியாமல் ஏதோ பட்டனை அமுக்க, படங்கள் பின்னால் போய் அந்தக் கால்களில் நின்றன. திரையைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு புருஷனின் வெறுங்காலைக் குனிந்து பார்த்தார்.

நானும் பார்த்தேன். இடது காலின் சுண்டுவிரல் உட்பக்கமாக மடங்கி, அடுத்த விரல்மேல் ஏறியிருந்தது. படத்திலும் அப்படியே.

"லாரி ஜாக்கி வுழுந்த வெரலு" என்றார் அஞ்சலை. "மூணு மாசம் நாந்தான் கட்டுப் போட்டேன். எனக்குத் தெரியாதா?" நிமிர்ந்து புருஷனிடம், "நீங்கதாங்க நிக்கிறீங்க" என்றார்.

தங்கராசு சாப்பாட்டைப் பிரிக்காமல் எதிரிலிருந்த சலூனுக்குப் போனார். பத்து நிமிஷத்தில் திரும்பியபோது மீசை சுத்தமாக இல்லை. மேலுதடு மட்டும் வெளுத்துக் கிடந்தது. அஞ்சலை அவரைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் 'சாக்கு சிலை' என்று கேட்டால் ஆறு ரூபாய் டிக்கெட் கொடுப்பார்கள். ஊர்ப் பெயர் தேவையில்லை, தங்கராசு அதை எழுத வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். வெயில் ஏறுமுன் போங்கள், நிழல் கிடையாது. நீங்கள் போவதற்குள் சிலையைத் திறந்திருந்தால், எல்லாரும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் குனிந்து இடது கால் சுண்டுவிரலைப் பாருங்கள். பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் மீசை இல்லாத ஒருவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். எதற்கு என்று அவருக்குத் தெரியும்.